ஹெவி லைசென்ஸ் வந்த முதல் மாதமே டெல்லி லைனுக்குப் போகலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வயது 24, ஊர் செக்கானூரணி பக்கம், ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு மாதம், இதுவரை ஓட்டியது டாடா ஏஸும் சித்தப்பாவின் டிராக்டரும். கப்பலூர் பக்கம் ஒரு லாரி ஆபீஸில் பத்து சக்கர வண்டியைக் கொடுத்து டெல்லி லைனுக்கு அனுப்புகிறேன் என்கிறார்கள், 40,000 ரூபாய் அட்வான்ஸும் தருகிறார்களாம், அம்மா வேண்டாம் என்கிறார், போகலாமா, சம்பளம் எவ்வளவு நிற்கும். முக்கியமாக நீங்கள் எழுதியது இவ்வளவுதான். ஆனால் லோடு வண்டியை ஒரு நாள்கூட ஓட்டியதில்லை என்பதை அந்த ஓனரிடம் சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம் அந்த நாலு வரிக்குள் இருப்பது தெரிகிறது. அதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நான் திருமங்கலம்காரன். 1996இல் கிளீனராக ஏறினேன், 1999இல் ஸ்டியரிங்கைப் பிடித்தேன், அதன் பிறகு இருபது வருடம் ஓடி, முதுகு போனதால் இறங்கி, இப்போது ஒரு டிரான்ஸ்போர்ட்டில் வண்டிகளையும் டிரைவர்களையும் பார்த்துக்கொள்கிறேன். ஏற்றியதெல்லாம் உப்பு, சிமெண்ட், நூல், மக்காச்சோளம், வெங்காயம். டேங்கரும் கன்டெய்னர் டிரெய்லரும் நான் ஓட்டியதில்லை, அதனால் அந்தப் பக்கம் போகிறவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம். கேஸ், கெமிக்கல் வண்டிக்கு லைசென்ஸில் தனியாகப் பயிற்சிச் சான்று ஏற்ற வேண்டும் என்பது மட்டும் விதி.

நேராகச் சொல்லிவிடுகிறேன், தனியாக இப்போது போகாதீர்கள். இது என் அபிப்பிராயம்தான், சட்டம் இல்லை. சட்டப்படி உங்கள் கையில் இருக்கும் லைசென்ஸுக்கு நாளைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு காஷ்மீர் வரைக்கும் போகலாம், யாரும் கேட்க முடியாது. பிரச்சினை என்னவென்றால் ஆர்டிஓ கிரவுண்டில் நீங்கள் ஓட்டிக் காட்டியது காலி வண்டி. முன்னே கொஞ்சம், ரிவர்ஸில் கொஞ்சம், ஒரு நிறுத்தம். பத்து சக்கர வண்டிக்கு 2018 வரை மொத்த எடை 25 டன் இருந்தது, அந்த வருடம் ஒவ்வொரு ஆக்சிலுக்கும் (சக்கர அச்சுக்கும்) அனுமதித்த எடையை உயர்த்திய பிறகு 28 டன்னை ஒட்டி வந்துவிட்டது. காலி வண்டி பிரேக்கை மிதித்த இடத்தில் நிற்கும். 28 டன் நிற்க வேண்டிய இடத்தை நீங்கள் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும், அந்த யோசனை காலுக்கு வருவதற்குச் சில மாதங்கள் ஆகும். முன்பெல்லாம் கிளீனராக மூன்று வருடம் டயர் தட்டி, கயிறு கட்டி, ராத்திரி டிரைவர் தூங்கும்போது காலி ரோட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டித்தான் எல்லோரும் டிரைவர் ஆனோம். (அது சட்டப்படி சரியா என்று கேட்காதீர்கள்.) இப்போது பாதி வண்டியில் கிளீனரே கிடையாது, சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்று ஓனர்கள் நிறுத்திவிட்டார்கள். அதனால் சொல்லிக்கொடுக்கிற அந்த மூன்று வருடமும் காணாமல் போய், லைசென்ஸ் வந்த பையன் நேரே டிரைவர் சீட்டில் உட்காருகிறான். உங்கள் தப்பு இல்லை அது.

ஒரு இடத்தை வைத்துச் சொன்னால் புரியும். மதுரையிலிருந்து திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு, அப்புறம் அனந்தபூர், கர்னூல், ஹைதராபாத், நாக்பூர் என்று டெல்லி வரைக்கும் 44ஆம் நம்பர் ரோடுதான். தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் தொப்பூர் கணவாய். போகும்போது அது ஏற்றம், வண்டி திணறும், அவ்வளவுதான். திரும்பும்போதுதான் இறக்கம். 1999இல் தாவணகெரேயில் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு நாமக்கல் கோழித்தீவன மில்லுக்கு வந்துகொண்டிருந்தோம், நான் லைசென்ஸ் வாங்கி நான்கு மாதம், எங்கள் டிரைவர் அண்ணன் கிருஷ்ணகிரியிலிருந்து என்னை ஓட்டச் சொல்லிவிட்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இறக்கம் தொடங்கும் முன்னால் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். இந்த மேட்டை எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு, நடுவில் கியரை மாற்றாதே, பின்னால் எவன் ஹாரன் அடித்தாலும் அவன் அடிக்கட்டும் என்றார். மூன்றாவது கியரில் இறங்கினேன், மாட்டு வண்டி மாதிரி. எங்களைத் தாண்டி ஒரு ஆறு சக்கர வண்டி காற்றாய்ப் போனது. இரட்டைப் பாலம் தாண்டிப் போய்ப் பார்த்தால் அதே வண்டி ஓரத்தில் நிற்கிறது, பின் சக்கரங்களில் புகை, கருகின வாடை. டிரைவர் கீழே உட்கார்ந்து பீடி பற்றவைக்கப் பார்க்கிறார், கை நடுக்கத்தில் தீக்குச்சி அணைந்து அணைந்து போகிறது. கிளீனர் பையன் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து பிரேக் டிரம்மில் ஊற்றப் போனான், எங்கள் அண்ணன் ஓடிப்போய் வாளியைத் தட்டிவிட்டார். கொதிக்கிற டிரம்மில் பச்சைத் தண்ணீர் பட்டால் டிரம் வெடிப்பு விடும், அது தானாகத்தான் ஆற வேண்டும்.

அந்த வண்டி நியூட்ரலில் இறங்கியிருக்கிறது. கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும், இன்ஜின் புகை வெளியேறுவதை அடைத்து வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கும் அதோடு சேர்ந்து வேலை செய்யும். நியூட்ரலில் போட்டுவிட்டால் மொத்த பாரமும் டிரம்மை உரசிப் பிடிக்கிற பிரேக் லைனிங் தலையில். தொடர்ந்து மிதிக்க மிதிக்க டிரம் சூடாகி ஒரு கட்டத்துக்கு மேல் லைனிங் பிடிக்காது, வழுக்கும். இன்னொரு பக்கம், லாரி பிரேக் வேலை செய்வது காற்றழுத்தத்தில், இன்ஜின் ஐடிலில் இருப்பதால் கம்ப்ரஸர் காற்றை நிதானமாகத்தான் ஏற்றும், நீங்கள் பம்ப் அடிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் டேங்கில் காற்று இறங்கும். இப்போதைய வண்டிகளில் காற்று இறங்கினால் பின் சக்கரத்தை ஸ்பிரிங் தானாகப் பிடித்துக்கொள்ளும், அதனால் பயமில்லை என்று உங்களிடம் சிலர் சொல்வார்கள். காற்று போனால் பிடிக்கும், சரி. ஆனால் சூட்டில் லைனிங் வழுக்கும்போது அந்த ஸ்பிரிங்கும் அதே லைனிங்கைத்தான் அழுத்துகிறது, புதிதாக வேறு பிரேக் ஒன்றும் வந்துவிடாது. இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்கிறேன்: தொப்பூரிலும், குமுளி மலையில் இறங்கும்போதும், செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு பக்கமும் நியூட்ரல் என்பதையே மறந்துவிடுங்கள்.

அந்த பீடி டிரைவர் விவரம் தெரியாத ஆள் இல்லை, எங்கள் அண்ணனைவிட மூத்தவர். பிறகு ஏன் நியூட்ரலில் விட்டார்? டீசல் கணக்குக்காக. உங்கள் சம்பளக் கேள்விக்கு நான் வருவது இந்த வழியாகத்தான். எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் எப்படித் தருகிறீர்கள் என்று கேளுங்கள், ஏனென்றால் சம்பளம் வருகிற விதம்தான் நீங்கள் வண்டியை ஓட்டப்போகிற விதம். நான் பார்த்தவரை நம் பக்கம் மூன்று மாதிரி இருக்கிறது. ஒன்று மாதச் சம்பளம், அதோடு ஓடுகிற நாளுக்குப் படி. இரண்டாவது வாடகையில் இத்தனை சதவீதம் என்று டிரிப் கணக்கு. மூன்றாவது டீசலைக் கட்டிவிடுவது, அதாவது லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஓனர் ஒரு எண்ணை வைப்பார், அதற்கு மேல் மிச்சம் பிடித்தால் உங்களுக்கு, குறைந்தால் உங்கள் கணக்கில் பிடித்தம். பல இடங்களில் இது முதல் இரண்டோடும் ஒட்டிக்கொண்டு வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள், மதுரை டெல்லி போக வர 5,000 கிலோமீட்டருக்கு மேல். லிட்டருக்கு 4 என்று ஓனர் வைத்து, நீங்கள் நாலேகால் கொண்டுவந்தால் 70 லிட்டருக்கு மேல் மிச்சம். காசாகப் பார்த்தால் கண்ணைப் பறிக்கிற தொகை. கால் கிலோமீட்டர் கூட வர நல்ல வழியும் இருக்கிறது, டயரில் காற்றைச் சரியாக வைப்பது, முறுக்காமல் ஓட்டுவது, 60ஐத் தாண்டாமல் போவது. ஆனால் அதைக் கற்க வருடம் ஆகும், நியூட்ரலில் தள்ளுவதற்கு ஒரு நிமிடம் போதும். புது டிரைவர் எந்த வழியை எடுப்பான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டிரிப் சதவீதத்தில் வேறு ஆபத்து, அது தூக்கத்தைத் தின்னும். மாதத்தில் எத்தனை டிரிப் அடிக்கிறீர்களோ அத்தனை காசு என்றால் எந்த மனுஷன் படுப்பான்? நான் படுத்ததில்லை. 2004இல் தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றி எட்டயபுரம் தாண்டி வந்துகொண்டிருந்தேன், விடியற்காலை மூன்றரை இருக்கும், திடீரென்று பார்த்தால் அருப்புக்கோட்டை போர்டு. நடுவில் வந்த ஊர் ஒன்றுமே ஞாபகம் இல்லை. கண் திறந்துதான் இருந்தது, ஸ்டியரிங்கில் கையும் இருந்தது, ஆள் இல்லை. அன்றைக்கு எதிலும் மோதாதது என் சாமர்த்தியம் இல்லை. அதிலிருந்து எனக்கு நானே வைத்துக்கொண்ட அடையாளம் இதுதான்: கடைசியாகத் தாண்டிய டோல்கேட் ஞாபகத்துக்கு வரவில்லை என்றால் அடுத்த பெட்ரோல் பங்கில் வண்டி நிற்க வேண்டும். இருபது நிமிடம் அலாரம் வைத்துப் படுத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். டீ, பாட்டு, வாயில் அடக்கிக்கொள்கிற புகையிலை எல்லாம் தூக்கத்தைத் தள்ளிப் போடுமே தவிர போக்காது, ராத்திரி இரண்டிலிருந்து ஐந்து வரைக்கும் உடம்பு யார் சொல்லையும் கேட்காது. 1961இல் வந்த மோட்டார் தொழிலாளர் சட்டமே டிரைவருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, ஐந்து மணி நேர ஓட்டத்துக்கு நடுவில் அரை மணி ஓய்வு என்று எழுதிவைத்தது. ரோட்டில் அதைப் பேசினால் சிரிப்பார்கள். ஆனாலும் அந்த எண்கள் உங்கள் மனதில் இருக்கட்டும், டெல்லி லைனுக்கு டபுள் டிரைவர் (மாற்றி மாற்றி ஓட்ட இரண்டு பேர்) கேட்பது ஒன்றும் ஆடம்பரம் இல்லை என்பதற்காகவாவது. நிறுத்தும்போது ரோட்டோரத்தில் மட்டும் வேண்டாம். நின்ற லாரியின் பின்னால் வந்து செருகுகிற வண்டிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன், போதாததற்கு டீசல் திருட்டும் தார்ப்பாய் திருட்டும்.

அட்வான்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். 40,000 என்பது உங்கள் வீட்டு நிலைமைக்குப் பெரிய பணமாக இருக்கலாம், தங்கச்சி ஃபீஸ் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தீர்கள். வாங்கினால் அது கடன், அதுவும் எழுத்தில் இல்லாத கடன். இரண்டு டிரிப்பில் வண்டி சரியில்லை, ஓனர் சரியில்லை என்று தெரிந்து இறங்க நினைத்தால் முதலில் பணத்தை வை என்பார்கள். சில இடங்களில் ஒரிஜினல் லைசென்ஸையே வாங்கி மேஜைக்குள் வைத்துக்கொள்வார்கள். அதை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் கொடுங்கள். எனக்கு முதல் வேலை கொடுத்த ஓனர் அப்படி வைத்துக்கொண்டு, பெங்களூரில் நனைந்துபோன சரக்குக்கு என் சம்பளத்திலிருந்து ஏழு மாதம் பிடித்தார், தார்ப்பாயில் கிழிசல் இருக்கிறது என்று நான் முன்பே சொல்லியிருந்தும். லைசென்ஸ் அவர் கையில், நான் எங்கே போக? இப்போது நான் பார்த்துக்கொள்கிற ஆபீஸிலும் அட்வான்ஸ் கொடுக்கிறோம், பொய் சொல்ல மாட்டேன், டிரைவர் கிடைக்காத காலத்தில் கொடுக்காமல் முடியவில்லை. ஆனால் ஆள் வந்து மூன்று மாதம் ஆகாமல் கொடுப்பதில்லை. முதல் நாளே பணத்தை நீட்டுகிற ஆபீஸ் என்றால் அந்த வண்டியில் இதற்கு முன் இருந்த டிரைவர் ஏன் இறங்கினார் என்று பக்கத்து டீக்கடையில் விசாரியுங்கள். டீக்கடைக்குத் தெரியாத லாரி ஆபீஸ் ரகசியம் கிடையாது.

லோடு விஷயத்தில் சட்டம் உறுதியாகத் தெரிந்ததால் உறுதியாகச் சொல்கிறேன். ஓவர்லோடுக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000, அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, அதிகப்படி சரக்கை அங்கேயே இறக்கவும் வேண்டும். ஓட்டியவர், ஓட்ட விட்டவர் இரண்டு பேர் மேலும் அது வரும். ஏற்றியதும் எடை மேடையில் ஏறி சீட்டு வாங்கி உங்கள் செல்லில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டையை நீங்களே எண்ணாமல் கையெழுத்துப் போடாதீர்கள், இறக்குகிற இடத்தில் குறைந்தால் டிரைவர் தலையில்தான் விடியும். சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டியில் எடுக்கிற இ-வே பில்லில் தேதியைப் பாருங்கள், 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு, வழியில் வண்டி படுத்துவிட்டால் தேதி முடிவதற்கு எட்டு மணி நேரத்துக்கு முன்னாலிருந்து முடிந்து எட்டு மணி நேரம் வரைக்கும் நீட்டிக்க வழி இருக்கிறது, உடனே ஆபீஸுக்கு போன் போட்டு அதைச் செய்யச் சொல்லுங்கள். பில் போட்ட பார்ட்டி வீட்டில் தூங்குவார், வண்டியோடு நிற்பது நீங்கள்தான். பிஎஸ் 6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டி என்றால் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றுகிற ஆட்புளூ திரவத்தின் அளவையும் பாருங்கள், தீர்ந்தால் இன்ஜின் இழுவையைக் குறைத்துவிடும், அந்த நேரத்தில் நீங்கள் ஏதாவது ஒரு மேட்டில்தான் இருப்பீர்கள்.

விபத்தைப் பற்றி அம்மா பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள், பத்து வருட ஜெயில் என்று டிவியில் பார்த்தாராம். அது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு. இடித்து ஆள் செத்து, தகவல் சொல்லாமல் ஓடினால் பத்து வருடம் வரை என்று அதில் இருந்தது, 2024 ஜனவரியில் டிரைவர்கள் ஸ்டிரைக் செய்த பிறகு, அந்த ஜூலை 1இல் மற்ற சட்டம் அமலுக்கு வந்தபோது இந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். கவனக்குறைவால் சாவு என்றால் ஐந்து வருடம் வரை என்பது 106(1), அது அமலில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவு அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், போலீஸில் 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்கிறது. கூட்டம் வெறியோடு நிற்கும்போது முடியாது என்பதையும் அதே பிரிவு ஒத்துக்கொள்கிறது. அதனால் கூட்டம் அடிக்க வந்தால் வண்டியை விட்டு இறங்கி பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய் உட்காருங்கள், 112க்குச் சொல்லுங்கள். இறங்கிப் போவது ஓடுவது ஆகாது, சொல்லாமல் இருப்பதுதான் ஓடுவது. வக்கீல் சொல்ல வேண்டிய மீதியை நான் சொல்லக்கூடாது.

சரி, என்ன செய்யலாம்? அந்த ஆபீஸிலேயே போய் டெல்லி வேண்டாம், தூத்துக்குடி பெங்களூரு லைனில் ஒரு பெரியவரோடு இரண்டாவது டிரைவராக மூன்று மாதம் ஓடுகிறேன், சம்பளம் குறைத்துக் கொடுங்கள் என்று கேளுங்கள். லோடு வண்டி ஓட்டியதில்லை என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு வேண்டாம் என்று அனுப்புகிற ஓனர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார், அதைக் கேட்டும் பரவாயில்லை டெல்லிக்கு ஏறு என்கிறவரிடம்தான் ஜாக்கிரதை. பெங்களூரு மதுரையிலிருந்து 430 கிலோமீட்டர் சொச்சம், ஒரு மாதத்தில் பல முறை தொப்பூர் இறங்குவீர்கள், துறைமுகத்தில் வரிசையில் நிற்பது, தார்ப்பாய் போடுவது, பாஷை தெரியாத ஊரில் விலாசம் தேடுவது எல்லாம் அந்த ஒரு லைனிலேயே வந்துவிடும். ஆறு மாதம் கழித்து டபுள் டிரைவராக வடக்கே போங்கள், இந்தி அதற்குள் எண்ணத் தெரிந்தால் போதும், மீதியை தாபாக்காரர் சொல்லிக்கொடுப்பார். அந்த ஆபீஸில் பேச்சு ஒத்துவராவிட்டால் நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நடத்துகிற டிரைவர் பயிற்சி மையத்திலும் கும்மிடிப்பூண்டியில் உள்ள ஐஆர்டி (சாலைப் போக்குவரத்து நிறுவனம்) பள்ளியிலும் கேட்டுப் பாருங்கள், அங்கே படித்துவிட்டு வந்த பையன்களைத் தனியாகத் தெரியும், காலையில் வண்டியை எடுக்கும் முன் லீவரால் டயரைத் தட்டி சத்தம் கேட்பார்கள், காற்று டேங்கில் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள்.

எது எப்படி இருந்தாலும் நாளைக்கு ஆபீஸ் போனதும் அவர்கள் கொடுப்பதாகச் சொன்ன வண்டியின் நம்பரைக் குறித்துக்கொண்டு வெளியே வந்து எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் போட்டுப் பாருங்கள். இன்சூரன்ஸ் தேதியும் எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) தேதியும் அதில் தெரியும். வண்டிக்கு எட்டு வயது தாண்டியிருந்தால் எஃப்சி வருடா வருடம். பாலிசியில் சம்பள டிரைவருக்குத் தனியாகப் பிரீமியம் கட்டியிருக்கிறார்களா என்பது ஆப்பில் தெரியாது, அதை ஓனரிடம் வாயால் கேட்க வேண்டும், பாலிசித் தாளைக் காட்டச் சொல்லியே கேளுங்கள். பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், நம்பரைப் போட வேண்டாம், தேதியை மட்டும்.